பழைய காரின் ஹைட்ரோலிக் கிளச் பழுது: அசைவு எங்கே தொலைகிறது என்று கண்டறிந்து திருத்தும் முறை

கிளச் பெடலை அடிவரை மிதித்த பிறகும் றிவேர்ஸ் கியர் கறகறவென்று சத்தமிட்டு விழ மறுத்தால், கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். மாஸ்ரர் சிலிண்டரை மாற்றச் சொல்வார்கள், அல்லது கியர்பொக்ஸை இறக்கிப் பார்க்கச் சொல்வார்கள். முதலாவதற்குப் பணம் வேண்டும். இரண்டாவதற்குப் பணத்தோடு ஒரு முழு நாளும் வேண்டும். இரண்டில் எது தேவை, அல்லது இரண்டுமே தேவையில்லையா என்பதை ஓர் அடிமட்டமும் பெடலை மிதிக்க ஓர் உதவியாளரும் இருந்தால் கால் மணி நேரத்தில் தீர்மானித்துவிடலாம். அந்த அளவீட்டைச் செய்யாமல் எந்தப் பாகத்தையும் வாங்குவது வீண் என்பதே இந்த வழிகாட்டி முழுவதிலும் வற்புறுத்தப்படும் கருத்து.

ஹைட்ரோலிக் கிளச்சின் வேலை எளிமையானது. பெடல் ஒரு தள்ளுகோலை அழுத்துகிறது. தள்ளுகோல் மாஸ்ரர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்ரனை நகர்த்துகிறது. அங்கிருந்து வெளியேறும் பிறேக் ஒயில் உலோகப் பைப் வழியாகவும் றப்பர் ஹோஸ் வழியாகவும் சென்று கியர்பொக்ஸின் பக்கத்தில் பூட்டப்பட்டுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்ரனைத் தள்ளுகிறது. அது கிளச் போர்க் எனப்படும் நெம்புகோலை அசைக்க, றிலீஸ் பெயாறிங் பிறஷர் பிளேட்டை அழுத்திக் கிளச் பிளேட்டை விடுவிக்கிறது. காலில் தொடங்கிய அசைவு போர்க் வரைக்கும் வந்து சேர்ந்தால் ஹைட்ரோலிக் பகுதி நன்றாக இருக்கிறது. வந்து சேராவிட்டால், அது வழியில் எந்த இடத்தில் தொலைந்தது என்று தேடுவதுதான் பழுது கண்டறிதல்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. மொறிஸ் மைனரின் பிறேக் ஹைட்ரோலிக் முறையில் இயங்கினாலும் அதன் கிளச் கம்பிகளாலும் நெம்புகளாலும் இயங்குவது. அதில் எயர் எடுப்பதற்கு, அதாவது உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றுவதற்கு, ஒன்றுமில்லை, தேய்ந்த இணைப்புகளைச் சரிசெய்து இடைவெளியைத் திருத்துவதே வேலை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60, மினி, டட்சன் 120வை, ரொயோட்டா ஹையேஸ் போன்றவற்றில் கிளச் ஹைட்ரோலிக் முறையிலானது. கீழே சொல்லப்படுபவை இவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

பெடலும் கியரும் காட்டும் அறிகுறிகள்

முதலில், கிளச் இழுக்கிறதா, வழுக்குகிறதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் வேகம் ஏறியும் கார் அதற்கேற்ப வேகம் பிடிக்காவிட்டால் கிளச் வழுக்குகிறது. இது பெரும்பாலும் தேய்ந்த பிளேட்டினாலோ, பிளேட்டில் எண்ணெய் பட்டதாலோ வருவது. இதில் ஹைட்ரோலிக் பகுதிக்கு ஒரேயொரு பங்குதான் உண்டு: மாஸ்ரர் தள்ளுகோலுக்கும் பிஸ்ரனுக்கும் இடையே சிறிதும் இடைவெளி இல்லாமல் இருந்தாலோ, உட்புறம் வீங்கிய ஹோஸ் ஒயிலைத் திரும்ப விடாமல் தடுத்தாலோ, அழுத்தம் உள்ளேயே தங்கிக் கிளச்சைப் பாதி விடுவித்த நிலையிலேயே வைத்திருக்கும்.

பெடலை மிதித்தும் கிளச் முழுமையாக விடுபடாமல் இருப்பதுதான் இழுத்தல். இதைச் சோதிக்க எஞ்சினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, பெடலை அடிவரை மிதித்து, கியர்பொக்ஸின் உள்ளே சுழல்பவை நிற்பதற்காகச் சில விநாடிகள் பொறுத்து, பிறகு றிவேர்ஸைப் போட வேண்டும். பல பழைய கியர்பொக்ஸ்களில் றிவேர்ஸுக்குச் சிங்றோமெஷ் (பற்சில்லுகளின் வேகத்தை ஒத்துவரச் செய்யும் அமைப்பு) கிடையாது என்பதால் கிளச் சிறிது இழுத்தாலும் அது சத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பொறுத்துப் போட்டும் கறகறவென்றால் கிளச் இழுக்கிறது. அடுத்ததாக, முன்னால் இடமுள்ள வெளியில், கியரைப் போட்டுப் பெடலை மிதித்தபடியே அரை நிமிடம் வைத்திருக்க வேண்டும். முதலில் அசையாமல் நின்ற கார் பிறகு மெல்ல நகர முயன்றால், அழுத்தம் எங்கோ கசிந்து குறைகிறது என்று பொருள்.

பெடலின் தன்மையும் பல விடயங்களைக் காட்டும். இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்த பின் கிளச் வேலை செய்தால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ஒயில் குறைந்திருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் பெடல் விழுந்துவிட்டால் வாசர் (சிலிண்டருக்குள் ஒயிலை அடைத்துப் பிடிக்கும் றப்பர்) ஒன்று அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. பெடல் வழமைபோல் உறுதியாக இருந்தும் கியர் விழாவிட்டால் பழுது பெரும்பாலும் கியர்பொக்ஸ் பக்கம்தான். ஆனால் இவற்றில் எதையும் முடிவாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் காலின் உணர்வு ஆளுக்கு ஆள் வேறுபடும், அடிமட்டம் வேறுபடாது.

ஸ்லேவ் தள்ளுகோலை அளத்தல்

காரை உயர்த்த வேண்டியிருந்தால் ஒரு விடயத்தை முதலில் கவனிக்க வேண்டும். நம் முற்றங்கள் பெரும்பாலும் மணல் முற்றங்கள்; ஜக் மெல்லப் புதைந்து சரியும். ஜக்குக்கும் காரைத் தாங்கும் ஸ்ராண்டுகளுக்கும் அடியில் தடித்த பலகை வைத்து, தரையில் நிற்கும் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, ஸ்ராண்டில் காரை இறக்கிய பிறகே அடியில் செல்ல வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் உள்ளே போகக் கூடாது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் போர்க்கைச் சந்திக்கும் இடத்தில் அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உதவியாளரைப் பெடலை அடிவரை மெதுவாக மிதிக்கச் சொல்ல வேண்டும். தள்ளுகோல் எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது என்பதே நமக்கு வேண்டிய எண். பல பழைய கார்களில் இது ஏறத்தாழ 12 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம் அளவில் இருக்கும். உங்கள் காரின் கைந்நூல் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். பெடலை மிதித்தபடி அரை நிமிடம் வைத்திருக்கச் செய்து, தள்ளுகோல் பின்வாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அசைவு முழுமையாக வந்து, வந்த இடத்திலேயே நின்றும் கிளச் இழுத்தால், ஹைட்ரோலிக் பாகங்களில் ஒரு சதம்கூடச் செலவழிக்க வேண்டாம். இறுதிப் பகுதிக்குச் செல்லலாம். அசைவு குறைவாக இருந்தால், அல்லது தள்ளுகோல் பின்வாங்கினால், பழுது பெடலுக்கும் ஸ்லேவுக்கும் இடையில் இருக்கிறது.

சிறிய இழப்புகள் இங்கே எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உதவும். மாஸ்ரரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், ஸ்லேவின் உள்விட்டம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால், இரண்டின் பரப்பளவுகளின் விகிதம் 0.56 ஆகும். மாஸ்ரர் பிஸ்ரன் 25 மில்லிமீற்றர் நகரும்போது ஸ்லேவ் 14 மில்லிமீற்றர் நகரும். பெடலையும் தள்ளுகோலையும் இணைக்கும் ஊசியின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து 3 மில்லிமீற்றர் வீணாகிப்போனால், ஸ்லேவின் அசைவு 12.4 மில்லிமீற்றராகக் குறைந்துவிடும். ஓர் அங்குல ஸ்லேவில் அரை மில்லிலீற்றர் ஒயில் தவறினாலே 1 மில்லிமீற்றர் அசைவு போய்விடும். சிறியதொரு காற்றுக் குமிழியும் கியரைச் சத்தமிடச் செய்வது இதனால்தான்.

ஆகவே சிலிண்டர்களைத் தொடுவதற்கு முன் பெடலைப் பார்க்க வேண்டும். இணைப்பு ஊசியும் துளையும் தேய்ந்திருக்கின்றனவா, பெடலின் புஷ் ஆடுகிறதா, பெடல் தகடு வளைந்திருக்கிறதா, தரையில் போட்ட தடித்த விரிப்பு பெடலை அடிவரை செல்லவிடாமல் தடுக்கிறதா என்பவை இலவசமாகச் செய்யக்கூடிய சோதனைகள். விரிப்பை எடுத்ததும் திருந்திய கிளச்சுகளும் உண்டு.

கசிவைத் தேடுதல்

ஒயில் மட்டம் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. கிளச் ஒயில் தானாகச் செலவாவதில்லை; குறைந்தால் கசிகிறது. சில கார்களில் பிறேக்கும் கிளச்சும் ஒரே தாங்கியை (மாஸ்ரருக்கு ஒயில் கொடுக்கும் சிறு கொள்கலன்) பகிர்ந்துகொள்வதால், அங்கே குறைவது பிறேக்குக்கும் உரிய ஒயில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாஸ்ரர் கசிந்தால் அதன் அடையாளம் பெரும்பாலும் எஞ்சின் பக்கத்தில் தெரியாது. பெடல் பக்கத்தில், தள்ளுகோல் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஈரமும், உரிந்துபோன பெயின்ற்றும் அங்கே இருக்கும். ஸ்லேவ் கசிந்தால், தூசி றப்பரின் விளிம்பைச் சற்று விலக்கும்போதே ஒயில் வழியும். கியர்பொக்ஸ் அடியில் காணப்படும் எல்லா ஈரமும் பிறேக் ஒயில் அல்ல. சந்தேகமிருந்தால் ஒரு துளியை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம்: சாதாரண பிறேக் ஒயில் தண்ணீரில் கலந்துவிடும், எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் மிதக்கும்.

வெளியே எந்தக் கசிவும் இல்லாமல் பெடல் அமிழ்ந்தால் மாஸ்ரரின் பிரதான வாசரே முதல் சந்தேகநபர். அது தேய்ந்தால் ஒயில் வாசரைத் தாண்டி உள்ளேயே திரும்பிவிடும். மட்டம் குறையாது, தரையும் நனையாது, கிளச் மட்டும் வேலை செய்யாது. இதை உறுதிப்படுத்த, மாஸ்ரரின் வெளிவாயிலில் உள்ள பைப்பைக் கழற்றி, அதே புரியுள்ள அடைப்பானால் இறுக்கமாக அடைத்துவிட்டுப் பெடலை மிதிக்க வேண்டும். நல்ல மாஸ்ரர் என்றால் பெடல் சிறிது இறங்கியதும் கல்லைப்போல் நின்றுவிட வேண்டும். தொடர்ந்து அமிழ்ந்தால் மாஸ்ரரைத் திறக்கத்தான் வேண்டும். ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கியும் இதே சோதனையைச் செய்பவர்கள் உண்டு. வழுவழுப்பான வாயுள்ள கிளாம்ப்பால், நல்ல ஹோஸில் செய்தால் தவறில்லை. வெடிப்பு விழுந்த பழைய ஹோஸை நசுக்கினால் அது அத்துடன் முடிந்துவிடும். அப்படியான ஹோஸ் எப்படியும் மாற்றப்பட வேண்டியதே. மிதிக்கும்போது ஹோஸ் பருப்பதைக் கையால் பிடித்து உணர முடிந்தால், தொலைந்த அசைவில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது.

இங்கே நம் ஊருக்குரிய ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரண பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவகத்துக்கு நாளாந்தம் சென்றுவரும் காரிலும், பருத்தித்துறைக் கரையோரம் நிற்கும் காரிலும் உப்புக் காற்று வெளிப்புறத்தை அரிக்கும்போது, ஒயில் உறிஞ்சிய ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கிறது. தாழ்வாக இருப்பதாலும் மழை வெள்ளம் தெறிப்பதாலும் ஸ்லேவ்தான் முதலில் கெடும். கிளச் பிளேட் மாற்றிய சில நாட்களில் ஸ்லேவ் கசியத் தொடங்குவதற்கும் இதுவே காரணம்: பழைய பிளேட் தேயத் தேய ஸ்லேவ் பிஸ்ரன் உள்ளே தள்ளப்பட்டிருந்தது, புதிய பிளேட் வந்ததும் பிஸ்ரன் வெளிப்புறமாக, பல காலம் வாசர் படாமல் துருவேறிக் கிடந்த பகுதியில் ஓடத் தொடங்குகிறது. மெக்கானிக் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

பாகங்களும் ஒயிலும்

ஒரு சிலிண்டரின் வாசர்கள் கெட்டிருந்தால் மற்றதன் வாசர்களும் அதே வயதுடையவை. மாஸ்ரரைப் புதுப்பித்ததும் அழுத்தம் உயர்ந்து, அதுவரை சமாளித்துவந்த ஸ்லேவ் கசியத் தொடங்குவது வழமை. ஆகவே மாஸ்ரர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடுவதே மலிவானது.

ஸ்ரான்லி வீதிக் கடைகளிலோ, கொழும்பில் பஞ்சிகாவத்தையிலோ தேடும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாமல், சிலிண்டரின் உடலில் பொறிக்கப்பட்டிருக்கும் உள்விட்டத்தையும் சொல்லி, பழைய வாசரையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அறுபது ஆண்டுகள் ஓடிய காரில் எந்தக் காரின் சிலிண்டர் பூட்டப்பட்டிருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. முன்னைய கணக்கில் ஓர் அங்குல ஸ்லேவுக்குப் பதிலாக முக்கால் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் நடுவிலுள்ள 7/8 அங்குல ஸ்லேவைப் பூட்டினால், அதே 25 மில்லிமீற்றருக்கு ஸ்லேவ் 18 மில்லிமீற்றர் நகரும். பெடல் கனக்கும், பிறஷர் பிளேட் அளவுக்கு மீறி அழுத்தப்படும். பைப் புரிகளிலும் கவனம் வேண்டும். பிரித்தானியக் கார்களின் மெல்லிய பைப்புகளில் 3/8 அங்குல யூஎன்எஃப் எனப்படும் நுண்புரியும், ஜப்பானியக் கார்களில் 10 மில்லிமீற்றர் புரியும் வழமையாக இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் அவை ஒன்றுக்கொன்று பொருந்தா. கையால் இரண்டு மூன்று சுற்று எளிதாக ஏறாத நட்டைச் சாவி போட்டு இறுக்கினால் சிலிண்டரின் புரி அழிந்துவிடும். கடையில் பல ஆண்டு வெப்பத்தில் கிடந்த வாசர் கிட் புதியது என்று கொள்ளப்படாது. வாசரின் விளிம்பை மெல்ல வளைத்து, வெடிப்புத் தெரிகிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும்.

ஒயிலைப் பொறுத்தவரை, காரின் கைந்நூல் வேறு எதையும் வற்புறுத்தாவிட்டால் டொட் 4 தரம் போதுமானது. கொதிநிலை டொட் 3க்கு ஆகக் குறைந்தது 205 பாகை செல்சியஸ், டொட் 4க்கு 230 பாகை. ஆனால் ஈரம் ஏறிய டொட் 4இன் கொதிநிலை 155 பாகை வரை இறங்கிவிட அனுமதியுண்டு. டொட் 5 என்பது சிலிக்கன் ஒயில். அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. மாரி மழைக் காலத்தில் திறந்து வைத்த பாதிப் போத்தலை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பதில் பயனில்லை. சிறிய போத்தலாக வாங்குவதே நல்லது.

எஞ்சின் ஒயில், கியர் ஒயில், மண்ணெண்ணெய் எதையும் அந்தத் தாங்கியில் ஊற்றக் கூடாது. பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய ஊர் இது என்பதால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்னும் துணிவு நம்மவர்க்கு அதிகம். எஞ்சினில் அந்தத் துணிவு பலித்தது. பிறேக் ஒயிலுக்கென்று செய்யப்பட்ட வாசர்களில் பலிக்காது. கனிய எண்ணெய் பட்ட வாசர் வீங்கி, மென்மையாகி, சிலிண்டருக்குள் இறுகிவிடும். ஏற்கெனவே அப்படி ஊற்றப்பட்டிருந்தால் முழு அமைப்பையும் கழுவி, றப்பர் என்று சொல்லக்கூடிய அனைத்தையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கழற்றித் திருத்துதல்

தாங்கியிலுள்ள ஒயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சுற்றியுள்ள பெயின்ற்றைத் துணியால் மூட வேண்டும். சிந்திய பிறேக் ஒயில் பெயின்ற்றை உரித்துவிடும். சிந்தினால் துடைப்பதோடு நிற்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பைப் நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு நீக்கும் திரவம் விட்டு, அவற்றுக்கென்று உள்ள பிளவுபட்ட வளையச் சாவியால் கழற்ற வேண்டும். வாய்ச்சாவி நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும்.

மாஸ்ரரைக் கழற்றி, தூசி றப்பரை நீக்கி, சேர்க்கிளிப் எனப்படும் வளையக் கிளிப்பை எடுத்ததும் தள்ளுகோலும் பிஸ்ரனும் அதன்பின் உள்ள பாகங்களும் வெளியே வரும். வந்த ஒழுங்கிலேயே ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிஸ்ரனுக்கும் பிரதான வாசருக்கும் இடையில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று சில மாஸ்ரர்களில் இருக்கும். பழைய வாசரோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடுவது பெரும்பாலும் அதுதான். ஸ்லேவ் பிஸ்ரன் இறுகியிருந்தால், துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து வெளியேற்றலாம். கொம்பிறசர் காற்றை நேரடியாகக் கொடுத்தால் பிஸ்ரன் வேகமாகப் பாய்ந்து காயப்படுத்தும்.

உட்சுவரை மெதிலேற்றட் ஸ்பிறிற்றாலோ புதிய பிறேக் ஒயிலாலோ கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெற்றோலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவக் கூடாது. நகத்தில் தட்டாத கறை வெறும் கறைதான். நகம் விழும் குழி இருந்தால் புதிய வாசர் சில வாரங்கள் மட்டுமே தாங்கும்; அப்போது சிலிண்டரை மாற்ற வேண்டும், அல்லது நம்பிக்கையான லேத் பட்டறையில் உள்விட்டத்தைக் கடைந்து பித்தளையாலோ துருப்பிடிக்காத உருக்காலோ ஸ்லீவ் (உள்ளுறைக் குழாய்) போடுவிக்க வேண்டும். கிடைக்காத பழைய சிலிண்டர்களுக்கு ஸ்லீவ் போடுவது, புதிதென்று விற்கப்படும் தரம் தெரியாத நகலைவிட நல்ல தெரிவு என்பது என் எண்ணம். ஸ்லீவ் போடும்போது, தாங்கியிலிருந்து ஒயில் இறங்கும் மிகச் சிறிய துளையை மீண்டும் அதே இடத்தில் துளைத்துப் பிசிறு நீக்கியிருக்கிறார்களா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தத் துளை அடைபட்டால் ஒயில் திரும்பாது, கிளச் வழுக்கும். பிசிறு இருந்தால் புதிய வாசரின் விளிம்பை அது அறுத்துவிடும்.

பூட்டும்போது எல்லாவற்றையும் புதிய பிறேக் ஒயிலில் நனைத்து, அழுத்தம் பிடிக்கும் வாசரின் குழிந்த பக்கம் ஒயிலை நோக்கியிருக்க, விளிம்பு மடியாமல் மெல்லச் செலுத்த வேண்டும். பிறேக் மாஸ்ரரும் கிளச் மாஸ்ரரும் ஒரே தோற்றமுள்ள கார்களில் பிறேக் கிட்டுடன் வரும் தடை வால்வைக் கிளச் மாஸ்ரரில் போடக் கூடாது. அது அழுத்தத்தை உள்ளே தேக்கி வைக்கும். காரில் பூட்டிய பின் தள்ளுகோலுக்கும் பிஸ்ரனுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருக்கிறதா என்று பெடலைக் கையால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும்.

எயர் எடுத்தல்

தாங்கியை நிரப்பி, ஸ்லேவின் எயர் நிப்பிளில் தெளிவான ரியூப்பை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்த்த வேண்டும். உதவியாளர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, நிப்பிளைத் திறந்து, ஒயில் ஓட்டம் நின்றதும் மூடி, அதன் பின்னரே பெடலை மேலே விடச் சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் பெடல் எழும்பினால் எடுத்த காற்று திரும்ப உள்ளே போகும். ‘மிதி’, ‘விடு’ என்று ஒருவர் மட்டும் கட்டளையிட்டு, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிச் செய்வது குழப்பத்தைத் தவிர்க்கும். ரியூப்பில் குமிழி வராத வரை தொடர வேண்டும். இடையிடையே தாங்கியைப் பார்க்க வேண்டும், அது வற்றினால் வேலை முதலிலிருந்து தொடங்கும்.

குமிழி நின்ற பிறகும் பெடல் பஞ்சுபோல் இருந்தால், நிப்பிள் ஸ்லேவின் மேற்பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லேவ் தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தால் காற்று உச்சியில் தங்கி ஒருபோதும் வெளியேறாது. நேராக இருந்தும் காற்று போகாவிட்டால், ஸ்லேவைக் கழற்றி, பைப்போடு தொங்கவிட்டு, பைப் சேரும் வாய் உச்சியில் இருக்கும்படி பிடித்து, பிஸ்ரனைக் கையால் மெல்ல உள்ளே அழுத்தினால், தங்கிய காற்று தாங்கி வழியாக மேலே போய்விடும். புதிய ஒயில் நிறைத்த ஊசிக்குழாயால் நிப்பிள் பக்கத்திலிருந்து மேல்நோக்கித் தள்ளுவதும் நன்றாகப் பலிக்கும், ஏனெனில் காற்று தானாகவே மேலே போக விரும்புவது. தாங்கி வழிந்து பெயின்ற்றில் சிந்தாமல் மட்டும் பார்க்க வேண்டும். வெளியே வந்த ஒயிலை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அதை முற்றத்தில் ஊற்றவும் கூடாது. மெல்லிய மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கும் இந்தக் குடாநாட்டில் தரையில் விட்டது கிணற்றுக்குப் போக நெடுநாள் எடுக்காது.

இப்போது மீண்டும் அடிமட்டத்தைப் பிடித்து, முதலில் எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும்.

அசைவு முழுமையாக வந்தும் கிளச் இழுத்தால்

பழுது இனி இயந்திரப் பகுதியில்தான். நெடுநாள் நிறுத்திவைத்த கார் என்றால், கிளச் பிளேட் துருவால் பிளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனமான சில்லு) ஒட்டிக்கொண்டிருப்பதை முதலில் சந்தேகிக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, இரண்டு மாரியைக் கொட்டகையில் கழித்த கார்களில் இது அடிக்கடி நேர்வது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, முன்னால் நீண்ட வெறுவெளி உள்ள இடத்தில், இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடியே ஸ்ராட்டரால் கிளப்பினால் கார் நகரத் தொடங்கும். கிளச்சை மிதித்தபடியே அக்சிலேற்றரைச் சட்டென்று அழுத்தியும் விட்டும் வந்தால் பெரும்பாலும் பிளேட் விடுபட்டுவிடும். விடுபடாவிட்டால் சுவிச்சை நிறுத்தி, பிறேக்கை மிதித்துக் காரை நிறுத்த வேண்டும்.

அப்படி ஒட்டவில்லையென்றால், போர்க்கின் சுழல் ஊசி தேய்ந்திருக்கலாம், போர்க் வெடித்திருக்கலாம், பிறஷர் பிளேட்டின் விரல்கள் உடைந்திருக்கலாம், பிளேட் வளைந்திருக்கலாம், அல்லது பிளைவீலின் நடுவிலுள்ள சிறிய புஷ் கியர்பொக்ஸ் தண்டைப் பற்றிக்கொண்டிருக்கலாம். ஏ60 போன்றவற்றில் றிலீஸ் பெயாறிங் உருளைகள் இல்லாத கரி வளையம். கியர் மாற்றாதபோதும் காலைப் பெடல்மேல் வைத்தே ஓட்டுபவரின் காரில் அது விரைவாகத் தேய்ந்து, உலோகம் உலோகத்தில் உராயத் தொடங்கும். இவை எதற்கும் கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் பிளேட், பிறஷர் பிளேட், றிலீஸ் பெயாறிங், நடுப் புஷ் ஆகியவற்றை ஒன்றாக மாற்றி, பிளைவீலின் முகத்தை லேத்தில் சீர்படுத்தி, எஞ்சின் பின்பக்கத்தில் எண்ணெய் ஒழுக்கு இருந்தால் அதையும் நிறுத்திவிட்டே திரும்ப ஏற்ற வேண்டும். புதிய பிளேட்டுடன் ஸ்லேவ் பிஸ்ரனின் நிலை மாறியிருக்கும் என்பதால், முதல் வாரம் முடிந்ததும் ஸ்லேவின் தூசி றப்பரை விலக்கி ஈரம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.